பத்து மடங்கு கைலென்ஸ்: கீழாநெல்லியும் தளர்ந்துபோகிற திருகாணியும்

இந்தப் பத்து மடங்கு மடக்கு லென்ஸின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று கண்ணாடி ஒட்டியது, 18 மி.மீ. விட்டம், உலோக உறை என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆறு வருடமாகக் களைச்செடி பார்க்க மட்டுமே இது பயன்படுகிறது. போன வாரம் நான்காவது முறையாகப் பழுது பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போது அதைக் கலக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

கண்ணாடியைச் சோதிக்கக் கீழாநெல்லியை விட நல்ல செடி இல்லை. ஊரில் ஒரே பெயர். வரப்பில் நிற்பது நாலைந்து இனம். பழைய நூல்கள் எல்லாவற்றையும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவைத்தன. நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் 1950களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். நம் பக்கம் கீழாநெல்லி என்று பறிப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். கூடவே டெபிலிஸ், ஃப்ராடெர்னஸ், யூரினாரியா, மேலாநெல்லி எனப்படும் மதராஸ்படென்சிஸ் எல்லாம் ஒரே கட்டில் வந்துவிடும்.

மேலாநெல்லியைக் கழிக்க லென்ஸ் வேண்டாம். அதில் நடுத்தண்டிலேயே முழு இலைகள் இருக்கும், ஒவ்வொன்றும் நுனியில் அகன்று அடியில் ஆப்பு போலக் குறுகும். கீழாநெல்லியின் நடுத்தண்டில் வெறும் செதில்கள்தான். புளிய இலை மாதிரி தெரிவது கூட்டிலை இல்லை, சின்னக் கிளை. அதன் ஒவ்வொரு இலைக்கணுவிலும் பூ தொங்குவதே அதற்குச் சாட்சி.

அடுத்ததற்குத்தான் கண்ணாடி. கிளையைத் திருப்பிக் காயின் அடியைப் பாருங்கள். காய் 2 மி.மீ. அகலம்தான் இருக்கும். அதன் கீழே புல்லிகள், அதாவது பூவின் வெளிவட்ட இதழ்கள், உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து என்றால் அமாரஸ் பக்கம் போகலாம். ஆறு என்றால் டெபிலிஸ், ஃப்ராடெர்னஸ் அல்லது யூரினாரியா. ஒரு காயோடு முடிவு கட்டாதீர்கள், முற்றிய காயில் புல்லி கிழிந்திருக்கும். ஒரே செடியில் பத்துக் காயாவது எண்ண வேண்டும். பிறகு கிளையின் நுனிப் பக்கக் கணுக்களுக்குப் போங்கள். ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் ஜோடியாக ஒரே கணுவில் இருந்தால் அமாரஸ். அப்படி ஜோடி இல்லையென்றால் மற்றவை. பெண்பூவில் சூலகத்தின் தலையில் மூன்று சூல்தண்டு, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆண்பூவில் மூன்று மகரந்தத்தாள் ஒட்டி நிற்கும். இந்தக் கண்ணாடியில் இரண்டும் ஓரம்வரை கூர்மையாகத் தெரிகின்றன, நிறம் பிரிந்து வானவில் விளிம்பு கட்டுவதில்லை. மலிவான ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் அந்த விளிம்பில்தான் ஐந்து ஆறாகும்.

நர்சரித் தொட்டிகளில் முளைக்கும் ஃபில்லாந்தஸ் டெனெல்லஸும் ஐந்து புல்லிதான். அதன் காய்க்காம்பு முடிபோல் நீண்டிருக்கும், மகரந்தத்தாள்கள் ஐந்தும் தனித்தனியாக நிற்கும். ஐந்து எண்ணியவுடன் மகிழ்ந்துவிடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இவ்வளவு வருடத்தில் இந்த லென்ஸ் தந்த பெரிய சந்தோஷம் விதை. முற்றிய காயை வெள்ளைத்தாள் பொட்டலத்தில் மடித்து நிழலில் வைத்தால் தானே வெடித்து ஆறு விதை தரும். ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ., ஆரஞ்சுச் சுளையின் வடிவம். கறுப்புக் காகிதத்தில் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி பிடியுங்கள். அமாரஸின் முதுகில் நீளவாக்கில் ஐந்தாறு வரி, சீப்பு வைத்து இழுத்ததுபோல். யூரினாரியாவில் வரிகள் குறுக்காக, ஏணிப்படி மாதிரி. மேலாநெல்லியில் வரியே கிடையாது, கோலப்புள்ளி போல வரிசையாகச் சின்ன முகடுகள். தென்னிந்தியச் சந்தையில் கீழாநெல்லிக் கட்டுகளில் இனங்கள் கலந்து வருவது டிஎன்ஏ ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். காய்ந்த கட்டில் இலை உதிர்ந்து அடையாளமே போயிருக்கும். அந்தக் கட்டை ஒரு தாளில் தட்டுங்கள், விழுகிற தூளில் விதை இருக்கும். இனப் பெயரை அதை வைத்தே பேசலாம். மஞ்சள்காமாலைக்கென்று வாங்கிப்போகிற மருந்தில் எந்தச் செடி இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

மூக்கிரட்டைக்கும் இதே வேலை. காய் முனை உருண்டு, விரலில் ஒட்டும் சுரப்பி மயிர்கள் இருந்தால் போயர்ஹாவியா டிஃபியூசா. முனை வெட்டியதுபோல் தட்டையாக, மழுமழுவென்று இருந்தால் எரெக்டா.

பிடிக்கும் முறையில் பலர் தவறு செய்கிறார்கள். லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துத் தலையைத் தூரத்தில் வைத்தால் ஒரு நாணயம் அளவுக்குத்தான் தெரியும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வையுங்கள், அந்தக் கையின் விரலைக் கன்னத்தில் ஊன்றுங்கள், மறு கையால் செடியை 25 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் நடுக்கம் குறையும்.

இங்கேதான் அந்தத் திருகாணி உயிரை வாங்குகிறது. லென்ஸ் தகடு உறைக்குள் சுழல்வதற்கு ஒரே ஒரு பித்தளைத் திருகாணி. அடியில் பூட்டு வாஷர் இல்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் தகடு திருகாணியையும் சேர்த்துக் கொஞ்சம் கழற்றிவிடுகிறது. களத்தில் ஒரு காலைக்கு நூறு முறை திறந்து மூட வேண்டும். மூன்று நாளில் தகடு தொங்க ஆரம்பிக்கும். ஐந்தாவது புல்லியை எண்ணும்போது தானாக உறைக்குள் சரியும். அதைவிட மோசம், அந்த இடைவெளியில் மணல் புகுந்து மூடும்போது கண்ணாடியில் உரசுகிறது. மணல் கண்ணாடியை விடக் கடினம். என் லென்ஸின் ஓரத்தில் இருக்கும் மூன்று கீறலும் அப்படி வந்தவை. மரைக்கடியில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து இறுக்கினால் இரண்டு மாதம் நிற்கிறது. அதற்குமேல் நிற்பதில்லை. இவ்வளவு நல்ல கண்ணாடியை வார்க்கத் தெரிந்தவர்கள் ஐந்து ரூபாய் வாஷரில் கஞ்சத்தனம் செய்ததை மன்னிக்க முடியவில்லை.

துடைப்பதில் ஓர் எச்சரிக்கை. சானிடைசரோ ஸ்பிரிட்டோ வேண்டாம், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசையின் ஓரத்தில் மேகம் கட்டலாம். முதலில் ஊதும் பந்தால் மணலைப் போக்கி, பிறகு ஈரமான பருத்தித் துணி. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

"30 மடங்கு, 21 மி.மீ." என்று விற்பவற்றை நம்பாதீர்கள். சுவரில் மாட்டிய வெள்ளைத்தாளின் முன் லென்ஸைப் பிடித்து, எதிர் ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் உருவம் தாளில் தெளிவாக விழும்போது லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, 250ஐ அந்த மி.மீ. அளவால் வகுங்கள். தூரம் 25 மி.மீ. என்றால் அது பத்து மடங்குதான், 30 என்று எழுதியிருந்தாலும். நிஜமான இருபது மடங்கு களத்துக்கு உதவாது: தூரம் 12 மி.மீ. ஆகிவிடும், தலை நிழல் விழும், பூவில் ஒரு புல்லிதான் தெளிவாக இருக்கும்.

ஆக, கண்ணாடிக்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த மடக்கு மாடலை வாங்கலாமா என்றால், வேண்டாம். விலை பாதியானாலும் வேண்டாம். இதே கண்ணாடி வேறு சட்டத்தில் வருகிறதா என்று தேடுங்கள். கடையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், திறந்து தகடு கிடைமட்டமாக நிற்கும்படி பிடித்து மணிக்கட்டை இருபது முறை உதறுங்கள். தகடு ஒரு விரல்கடை சரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.