எக்ஸெல்ல ஃப்ரீஸா ஸ்ப்ளிட்டா, எது போடலாம்?

பெரிய ஷீட்ல கீழ போனா தலைப்பு மறைஞ்சிடுதுன்னு தேடுறவங்க எல்லாரும் வந்து குழம்புற இடம் இதுதான், ரெண்டுமே வியூ டேப்லதான் இருக்கு.

தலைப்பு நிக்கணும்னா: ஃப்ரீஸ். பி2 செல்லுல கர்சரை வச்சு ஃப்ரீஸ் பேன்ஸ் குடுத்தா மேல இருக்கற ஒரு ரோவும் இடது பக்க ஒரு காலமும் அசையாது, மத்ததெல்லாம் ஓடும்.
ஸ்ப்ளிட்: திரையை 2 பாகமாவோ 4 பாகமாவோ பிரிக்கும், தலைப்பு பாகமும் ஸ்க்ரோல் ஆகும், அதனால கைதவறி நகர்ந்துடும்.

ஒப்பிட்டு பாக்கணும்னா ஸ்ப்ளிட்தாங்க. 10வது ரோவையும் 5000வது ரோவையும் மேலயும் கீழயும் வச்சு பாக்கலாம், ஃப்ரீஸ்ல மேல் பாகத்தை இப்படி தனியா ஓட்ட முடியாது.

சின்ன லேப்டாப்ல ஃப்ரீஸ் நிறைய ரோவுக்கு போடாதீங்க, பாதி திரையை அதுவே புடிச்சிக்கும்.

ரெண்டும் சேந்து ஒரே விண்டோல வராது.

பில், மார்க் லிஸ்ட், ஸ்டாக் என்ட்ரிக்கு ஃப்ரீஸ். கணக்கு சரிபாக்க ஸ்ப்ளிட், முடிஞ்சதும் நடு கோட்டை டபுள் கிளிக் பண்ணா போயிடும். பிரின்ட்ல தலைப்பு ஒவ்வொரு பக்கமும் வரணும்னா ரெண்டுமே உதவாது, பேஜ் லேஅவுட்ல பிரின்ட் டைட்டில்ஸ் போடுங்க.