செகண்ட் ஹேண்ட் கோல்ஃப் டிரைவர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு போலி ஸ்டெல்த் கதை

வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்த விளம்பரம் இதுதான்: டெய்லர்மேட் கம்பெனியின் ஸ்டெல்த் டிரைவர் (கோல்ஃபில் நீளமாக அடிக்கும் மட்டை), 10.5 டிகிரி சாய்வு, ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு), "துபாயிலிருந்து நண்பர் கொண்டுவந்தது, ரெண்டே ரவுண்டு ஆடியது". விலை, புதியதில் மூன்றில் ஒரு பங்கு. விற்றவர் பயிற்சி வலைக்கே வந்து பத்துப் பந்து அடிக்கவும் விட்டார். பந்தின் வேகத்தை அளக்கும் கையடக்க ரேடார் கருவி ஒன்றைப் பின்னால் வைத்திருந்தார். பழைய டிரைவருக்கு 200 யார்டு கேரி (பந்து காற்றில் பறக்கும் தூரம்), இதற்கு 222. வாங்கியவரின் பணம் அங்கேயே யூபிஐயில் போய்விட்டது.

மைதானத்தில் முதல் டீயிலேயே (ஆட்டம் தொடங்கும் இடம்) வேஷம் கலைந்தது. பந்து ஜிவ்வென்று மேலே ஏறி, காற்றில் நின்று, வலப்பக்கம் சரிந்து விழுந்தது. பழைய டிரைவரில் போகும் தூரம்கூட வரவில்லை. மூன்றாவது வாரம் ஃபேஸின் (பந்தில் படும் முகம்) மேல் ஓரத்தில் மயிரிழை விரிசல். கிளப் (கோல்ஃப் மட்டை) பழுது பார்க்கும் மேசைக்கு வந்த பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. இதே மாதிரி இன்னும் சில சுற்றிக்கொண்டிருப்பதால் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் காந்தம். ஸ்டெல்த் 2022-ல் வந்தபோது அதன் பெருமையே 60 அடுக்குக் கார்பன் ஃபேஸ்தான். கார்பனிலும் காந்தம் ஒட்டாது, டைட்டானியத்திலும் ஒட்டாது. இதில் ஃபிரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தைச் சிவப்பு ஃபேஸில் வைத்ததும் டக்கென்று பிடித்துக்கொண்டது. சிவப்புப் பெயின்ட் அடித்த எஃகு. அசலிலும் பின்பக்க எடைத்திருகு, ஹோசல் (ஷாஃப்ட்டைச் செருகும் கழுத்து) திருகு பக்கம் காந்தம் இழுக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபேஸிலும் கிரவுனிலும் (மேல்பகுதி) மட்டும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள், டைட்டானியத்திலேயே வார்த்த போலிகளும் உண்டு.

எஃகு என்றால் என்ன குறை என்று கேட்கலாம். டைட்டானியத்தின் அடர்த்தி சிசிக்கு 4.5 கிராம், எஃகின் அடர்த்தி கிட்டத்தட்ட 7.8. டிரைவர் ஹெட் (தலைப்பகுதி) ஏறக்குறைய 200 கிராம், 460 சிசி இருக்க வேண்டும். அதே அளவை எஃகில் செய்தால் எடை ஏறும், எடையைக் குறைத்தால் சுவர் மெலிந்து விரிசல் விடும், இல்லையென்றால் ஹெட்டையே சின்னதாக்க வேண்டும். இந்தப் போலியில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. தனி ஹெட் 214 கிராம். ஹோசல் ஓட்டையை அடைத்து, தராசில் வைத்த வாளித் தண்ணீரில் ஹெட் முழுகும்வரை அழுத்தினால் தராசில் கூடும் கிராம்தான் தோராயமான சிசி. இதில் 436 வந்தது.

14 கிராம் கூடுதலாக இருந்தும் வாங்கியவருக்கு ஏன் கனம் தெரியவில்லை? இங்கேதான் செய்தவனின் சாமர்த்தியம். ஹெட்டில் 2 கிராம் ஏறினால் ஸ்விங்வெயிட் (வீசும்போது கையில் தெரியும் கனத்தின் அளவு) ஒரு புள்ளி ஏறும், ஷாஃப்ட்டில் அரை இன்ச் குறைத்தால் மூன்று புள்ளி இறங்கும். 14 கிராமுக்கு ஏழு புள்ளி. இந்த மாடலின் வழக்கமான நீளம் 45.75 இன்ச், கையில் இருந்தது 44.5. ஒன்றேகால் இன்ச் வெட்டியதில் ஏழரைப் புள்ளி இறங்கிக் கணக்கு நேராகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் பழகிய கனம்தான் தெரியும். ஆனால் நீளம் குறைந்ததில் ஸ்விங் வேகமும் போயிற்று. அதனால் போகும்போது ஒரு அளவுநாடா கொண்டுபோங்கள். கிளப்பைப் பந்துக்கு நிற்கிறபடி தரையில் வைத்து, சோலின் (ஹெட்டின் அடிப்பகுதி) ஹீல் பக்கத்திலிருந்து (ஷாஃப்ட் சேரும் பக்கம்) ஷாஃப்ட்டை ஒட்டியே கிரிப் முனைவரை அளக்க வேண்டும்.

டீயில் பந்து அப்படி எழும்பி நின்றதற்கு இரண்டு காரணம். கிரவுனும் எஃகு என்பதால் எடை மேலே நிற்கிறது, ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி) கூடுகிறது. சோலில் 10.5 என்று அச்சிட்டிருந்தாலும் அளந்தால் லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு) 13 டிகிரி. மணிக்கு 88 மைல் வேகத்தில் அடிப்பவருக்கு 2,400 முதல் 2,800 ஆர்பிஎம் போதும், சரியான கருவியில் பார்த்தபோது இது 3,900 காட்டியது. போதாததற்கு ஃபேஸ் ஏறக்குறைய தட்டை. அசல் ஃபேஸ் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் லேசாகப் புடைத்திருக்கும். வலக்கையால் ஆடுபவருக்கு, டோவில் (ஹீலுக்கு எதிர்ப்பக்க நுனி) பட்ட பந்து வலப்பக்கம் கிளம்பி உள்ளே திரும்புவதும், ஹீலில் பட்டது இடப்பக்கம் கிளம்பி நடுவுக்கு வருவதும் அந்தப் புடைப்பால்தான். தட்டை ஃபேஸில் ஹீலில் பட்டது நேராகக் கிளம்பி அப்படியே ஸ்லைஸ் ஆகி (வலப்பக்கம் வளைந்து) புதருக்குப் போகும். பாவம், வாங்கியவர் தன் ஸ்விங்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் வலையில் 222 எப்படி வந்தது? வலைக்குள் பந்து எட்டு பத்து அடிதான் பறக்கிறது, மீதியைக் கருவி கணக்குப் போட்டுச் சொல்கிறது. செயலியில் கடல்மட்ட உயரம் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை 5,000 அடி என்று வைத்தால் கேரி சுமார் 6 சதவீதம் ஏறும். உதகையில் ஆடியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும், சென்னை வலையில் அந்த எண் எதற்கு? ரேஞ்ச் பந்து, நல்ல பந்து என்று மாற்றும் அமைப்பும் உண்டு. பழைய டிரைவருக்கு ஒன்று, புதியதற்கு இன்னொன்று என்று வைத்தால் போதும். அடித்ததில் மோசமானவற்றை அழித்துவிட்டு மீதிக்குச் சராசரி காட்டுவது இன்னொரு வழி. ரேடார் கருவிகளில், பந்தில் சின்ன உலோக ஸ்டிக்கர் ஒட்டாமல் வலைக்குள் அடித்தால் ஸ்பின் பெரும்பாலும் அனுமானம்தான். அன்று ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

திரையில் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவரில் நடு ஃபேஸில் அப்பழுக்கில்லாமல் பட்டால் 1.50 பக்கம் வரும். வாங்கியவர் எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட்டில் கிளப் 88, பந்து 139. வகுத்தால் 1.58. அந்த எண்ணைப் பார்த்ததுமே கிளம்பியிருக்கலாம்.

ஷாஃப்ட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும், அதற்கென்றே தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். "வென்டஸ் வெலோகோர்" என்று, தனியாக விற்கும் உயர்ரக ஷாஃப்ட்டின் பெயர் எழுதியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் எழுத்து உரிந்து வந்தது. அசலில் எழுத்தின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், விரலுக்கே தட்டாது. இதில் போலி இல்லாத இன்னொரு ஏமாற்றும் உண்டு: ஸ்டெல்த்தோடு கம்பெனியே பொருத்தித் தந்த வென்டஸ் ஷாஃப்ட்டுகளில் வெலோகோர் கிடையாது. பார்வைக்கு அண்ணன் தம்பி. அதைத் தனியாக வாங்கும் உயர்ரக ஷாஃப்ட்டின் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஷாஃப்ட்டில் வெலோகோர் என்ற சொல்லே இல்லையென்றால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

ஹோசலில் பொறித்த சீரியல் எண்ணைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கலாம். எண் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நம்பக் கூடாது, ஒரே எண் பல போலிகளில் வரும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர்&ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் வெளியிடும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் ஹெட் பட்டியலில் சோலின் எழுத்தமைப்பு படத்தோடு இருக்கும், அதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். போட்டி ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் விதி நடைமுறையில் இருக்கும் போட்டியில், பட்டியலில் இல்லாத ஹெட்டால் ஒரு ஸ்ட்ரோக் அடித்தாலே தகுதி நீக்கம்.

அசலே ஆனாலும் உழைத்துக் களைத்த ஹெட்டாக இருக்கலாம். உலோக ஃபேஸ் என்றால் ஓர் எஃகு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். நடுவில் தொட்டு இருபுறமும் ஆட வேண்டும். ஓரங்கள் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஃபேஸ் உள்வாங்கிவிட்டது. ஹெட்டைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பசைத்துண்டு உருளும் சத்தம் வந்தால் பழுது பார்க்க வேண்டிவரும், அது பெரிய குற்றமில்லை. ஷாஃப்ட்டும் ஸ்லீவும் (ஷாஃப்ட் முனையில் ஒட்டி ஹோசலில் செருகும் உறை) சேரும் இடத்தில் இடைவெளியோ, கையால் முறுக்கினால் லேசான நழுவலோ இருந்தால் வேண்டாம். எபாக்ஸி பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் கார் டிக்கியிலேயே கிடந்த கிளப்புகளில் இது அடிக்கடி நடக்கும், ஓங்கி அடிக்கும்போது ஹெட் கழன்று பறந்தால் அடுத்தவர் மண்டைக்கு ஆபத்து. ஹோசல் திருகு தலை தேய்ந்திருந்தால், 40 இன்ச்-பவுண்டில் 'டிக்' என்று நிற்கும் ரெஞ்சை விட்டுவிட்டு வேறெதையோ வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: சாட், விளம்பரப் படம், யூபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைன் பண மோசடிக்கு 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. விற்றது கடையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. போட்ட காசையாவது எடுக்கலாம் என்று அதே குரூப்பில் இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள், போலி என்று தெரிந்தே விற்பது தண்டனைக்குரிய குற்றம். புகார் முடிந்த பிறகு ஹெட்டைக் குப்பையில் போடுவதானால் முதலில் ஹோசலை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். முழுதாகப் போட்டால் புதுப் பெயின்ட்டோடு திரும்பி வரும்.