சூரியன் எஃப்.எம். 93.5: எப்போது கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

சென்னையில் சன் குழுமத்தின் சூரியன் எஃப்.எம். 2003இல் வந்தது. ரேடியோ மிர்ச்சி 98.3 வந்ததும் அதே ஆண்டுதான். நிலையங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய அன்றைய உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும்; விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். 2005இல் அது வருவாயில் 4 சதவீதம் என்று மாறியது. ஹலோ, பிக் எல்லாம் அதற்குப் பிறகு, 2006இல் களமிறங்கியவை. அதற்குள் 'கேளுங்க, கேளுங்க, கேட்டுக்கிட்டே இருங்க' என்ற வரி ஊருக்கே மனப்பாடம்.

அகில இந்திய வானொலியின் 'நேயர்களே' இங்கே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழ். அதுதான் பலம், சில சமயம் தொல்லையும். பாட்டின் முன்னிசை ஓடும்போதே பேசி, பல்லவி எடுக்கும் நொடியில் நிறுத்துவது ஆர்ஜேக்களின் கைத்திறன். புதுப் பாட்டில் அதை ரசிக்கலாம். இளையராஜா பாட்டில் முன்னிசையே பாதிப் பாட்டு. அதன்மேல் மழை நிலவரம் வாசித்தால் எரிச்சல்தான் வரும். எல்லாத் தமிழ் எஃப்.எம்.மிலும் உள்ள வியாதி இது.

ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வண்டியில் போகிறவர் அரைமணி நேரம் கேட்டாலே அதிகம். அதற்குள் அன்றைய ஹிட் அவர் காதில் விழ வேண்டும் என்பது கணக்கு. நாள் முழுக்கக் கடையில் ரேடியோ வைத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். காலையும் மாலையும் பேச்சும் விளம்பரமும்தான் ஓங்கும். பாட்டுக்காகக் கேட்பவர் இரவு ஒன்பதுக்கு மேல் திருப்புவது நல்லது.

செய்தி எதிர்பார்க்க வேண்டாம். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு போன்றவை செய்திக் கணக்கில் வராது. எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லலாம். அதை ஒட்டிய அரசியலைத் தொட முடியாது.

இனி, சிக்னல். 92.7, 94.3 நிலையங்கள் இரண்டும் 93.5இலிருந்து 0.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருபுறமும் நிற்கின்றன. மலிவான ரேடியோவில் பக்கத்து நிலையம் கலந்து கேட்கலாம். ஏரியலை 80 சென்டிமீட்டர் வரை இழுத்து விடுங்கள், இந்த அலைநீளத்தில் கால்பங்கு அதுதான். எஃப்.எம். உள்ள போனில் இயர்போன் வயரே ஏரியல். ப்ளூடூத் மாட்டினாலும் வயரைச் செருகியே வைக்க வேண்டும். இரைச்சல் வந்தால் ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்குக் கூடுதல் சிக்னல் வேண்டும், மோனோவுக்கு அவ்வளவு தேவையில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த டிஜிட்டல் ரேடியோ 0.2 படியில் தாவும். தசமத்தில் ஒற்றைப்படை எண்ணில் மட்டுமே நிற்கும். 93.5 சிக்கும், 106.4இல் வரும் ஹலோ எஃப்.எம். துல்லியமாகச் சிக்காது. ட்யூனர் படியை 0.1க்கு மாற்றும் வசதி அதில் இருக்கிறதா என்று மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள்.