கீலிங் வரைபடமா, வண்ணப் பட்டைகளா?

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பள்ளியிலோ ஊர்க்கூட்டத்திலோ பேசப் போகிறவர்கள் எந்தப் படத்தைக் காட்டலாம் என்று தடுமாறுகிறார்கள். கீலிங் வரைபடம் என்பது காற்றில் கரியமில வாயுவின் அளவு ஏறிவருவதைக் காட்டும் கோடு; வண்ணப் பட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு வெப்பநிலை மாறுவதை நிறத்தால் காட்டும் படம். செலவில் வித்தியாசமில்லை, இரண்டும் இலவசம்.

புரிவது:
பட்டைகள் – காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கியவை. ஒரு கோடு ஓர் ஆண்டு, நீலம் குளிர்ச்சி, சிவப்பு வெப்பம், எண்ணே கிடையாது, அதனால் கடைசி வரிசைக்கும் சட்டென்று பிடிபடும்.
கீலிங் – அச்சு, பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எல்லாம் விளக்கியாக வேண்டும்.

“ஏன் சூடாகிறது?” என்று யாராவது கேட்டால்:
பட்டைகள் – பதில் இல்லை.
கீலிங் – காரணத்தையே காட்டுகிறது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையிலுள்ள ஆய்வகத்தில் அளந்தபடி, 1958இல் சுமார் 315 பிபிஎம் இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதிலும் பூமியின் வட பாதியில் செடிகொடிகள் தழைக்கும் மாதங்களில் கோடு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுவதைக் காட்டிப் பாருங்கள், பிள்ளைகள் அப்படியே நிமிர்ந்து உட்காருவார்கள்.

சுவரொட்டி, பேனர் என்றால் பட்டைகள். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள் என்றால் கீலிங்தான், என் ஓட்டும் அதற்கே.