மார்ச் கடைசியில் ஆன்டிபாடி வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறேன். ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்தான் என் பொழுது. கரு வளரும்போது அதன் கல்லீரல் சுரக்கிற புரதம் இது. பிறந்த பிறகு அடங்கிவிடும். கல்லீரல் புற்று வந்தவர்கள் பலருக்கு மறுபடி தலைகாட்டும். சாம்பிளில் அது இருக்கிறதா என்று பார்க்க, அதை மட்டும் பிடிக்கிற ஒரு புரதம் வேண்டும், அதுதான் ஆன்டிபாடி. 100 மைக்ரோலிட்டர், 41,000 ரூபாய். இரண்டு சொட்டுதான் தேறும்.

மார்ச் 31-க்குள் செலவழிக்காத நிதி திரும்பிப் போய்விடும் என்பது நம்மைவிட டீலர்களுக்கு நன்றாகத் தெரியும். 28-ஆம் தேதி, உச்சி வெயிலில் பெட்டி வந்தது. தெர்மாகோலுக்குள் ஜெல் பேக் கொழகொழவென்று, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. "அது ஸ்டேபிள் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் டீலர். சில ஆன்டிபாடிகள் தாங்கும்தான். அந்த நினைப்பில், நல்ல நிலையில் பெற்றேன் என்ற டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டேன். இரண்டே நாளில் பில்லும் பாஸ் ஆனது.

ஏப்ரலில் வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். செல்லின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி ஒட்டுகிற இடத்தைப் பட்டையாகக் காட்டுகிற சோதனை அது. இந்தப் புரதத்தைச் சுரக்கிற ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லில் 70 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே பட்டை விழ வேண்டும், அதைச் சுரக்காத ஹீலா செல்லில் விழக் கூடாது. எனக்கு இரண்டிலும் சற்றுக் கீழே, ஒரே மாதிரி தடிப்பட்டை. செல் வளர்க்கும் திரவத்தில் சேர்க்கும் சீரத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதமோ, செல்லைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மூன்று வாரம் என்னையே நொந்துகொண்டேன். கைடிடம் திட்டு வாங்கியது தனிக்கதை.

அப்புறம் ஒருநாள் ஃப்ரீசர் ஈரத்தில் குப்பியின் லேபிள் ஓரம் உரிந்தது. அடியில் இன்னொரு லேபிள்! வேறு லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதியாகி இரண்டு வருடம். தயாரித்த நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மேலே ஒட்டியிருந்த எண் தங்களுடையதே இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து ஆய்வகத்தில் இதே ஆன்டிபாடி 5 மைக்ரோலிட்டர் கடன் வாங்கி, அதே சாம்பிளில் போட்டேன். ஹெப்ஜி2-வில் மட்டும், 70-இல், சுத்தமான பட்டை.

டீலரைக் கேட்டால், "நல்ல நிலையில பெற்றேன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்கிறார்.

கொட்டேஷனிலேயே லாட் நம்பரையும் காலாவதித் தேதியையும் எழுதி வாங்குங்கள். பெட்டி வந்ததும் அந்த எண்ணை நிறுவனத்துக்கே அனுப்பிக் கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஜெல் பேக் உருகியிருந்தால் சலானில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பர்ச்சேஸ் செக்‌ஷனில் புகார் கொடுத்திருக்கிறேன். குப்பியை இன்னும் தூக்கிப் போடவில்லை, இரண்டு லேபிளோடும் ஃப்ரீசரில் இருக்கிறது.