சால்டர் வேண்டாத கனெக்டர் வாங்குகிறீர்களா? முதலில் அதன் முகத்தைப் பாருங்கள்

ஏமாந்த கதைதான். ஆனால் ஏமாற்றிய விதம் கொஞ்சம் புதுசு, அதனால் எழுதுகிறேன். ரேடியோ அலைவரிசைப் போர்டுகளில் சால்டர் (ஈயப் பற்று) இல்லாமல் மாட்டும் கனெக்டர்களை ஆன்லைனில் மலிவாகப் பார்த்து, ‘ஒரு செட் வாங்கிப் பார்க்கலாமே’ என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், ஒரு ஃபில்டரை மாற்றி மாற்றி வடிவமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு போர்டின் இரண்டு முனையிலும் எஸ்எம்ஏ (கேபிளைத் திருகி மாட்டும் ஒரு சின்னக் கனெக்டர் வகை) வைத்து சால்டர் செய்வதும், அளந்த பிறகு சூடாக்கிக் கழற்றி அடுத்த போர்டில் வைப்பதும் வெறுத்துப்போய்விட்டது. மூன்றாவது முறை கழற்றும்போது கனெக்டரின் உள்ளே இருக்கும் டெஃப்லான் வீங்கி வெளியே வந்துவிடும், அல்லது போர்டிலிருந்து பேடு (சால்டர் பிடிக்கும் செம்புத் திட்டு) உரிந்துவிடும். சால்டர் வேண்டாத வகை இதற்குச் சரியான தீர்வு. போர்டின் விளிம்பை மேலும் கீழுமாக இரண்டு தாடைகள் கவ்விக்கொள்ளும். இரண்டு திருகு. நடுவில் தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த ஊசி ஒன்று ட்ரேஸின் (போர்டில் சிக்னல் போகும் செம்புக் கோடு) மேல் அமர்ந்து அழுத்தும். அவ்வளவுதான். அளந்து முடித்ததும் திருகைத் தளர்த்தி அடுத்த போர்டுக்குப் போய்விடலாம். நல்ல கம்பெனிகளின் கனெக்டர்கள் இப்படித்தான் பல வருடம் உழைக்கின்றன.

நான் வாங்கியது அந்த நல்ல கம்பெனிச் சரக்கு இல்லை. ‘2.92 மிமீ, 40 கிகாஹெர்ட்ஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்’ என்று போட்டிருந்தார்கள். கூடவே அழகான ஒரு கிராஃப். விலை, அசலோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். நான்கு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் தங்க முலாம் பளபளத்தது, அதிலேயே மயங்கிவிட்டேன். விளம்பரப் படத்தில் இருந்த திருகுத் தலை வேறு, கையில் வந்ததன் திருகுத் தலை வேறு என்பது அப்போதே கண்ணில் பட்டது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு அடுக்குப் போர்டில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெறும் ஒரு ட்ரேஸ் போட்டு, இரண்டு முனையிலும் கவ்வி, அளந்தேன். 3, 4 கிகாஹெர்ட்ஸ் வரை ரிட்டர்ன் லாஸ் (சிக்னல் எவ்வளவு குறைவாகத் திரும்பி வருகிறது என்ற அளவு, எண் பெரிதாக இருந்தால் நல்லது) பரவாயில்லை. 8 வருவதற்குள் 9 டெசிபெல்லுக்கு வந்துவிட்டது. 10 டெசிபெல் என்றாலே அனுப்பிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று அர்த்தம். 40 வரை போகும் கனெக்டர் 8-லேயே மூச்சு வாங்குகிறது. அதைவிட மோசம், திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் கிராஃபில் வேறு கோடு வந்தது. இன்னொரு முறை இறுக்கினால் இன்னொன்று. விரலால் லேசாக அழுத்தினால் திரையில் கோடு நெளிந்தது.

விற்பவருக்கு எழுதினேன். மறுநாளே பதில்: ‘உங்கள் போர்டு டிசைனில் தவறு.’

இதில்தான் நான் விழுந்தேன். ஏனென்றால் என் முதல் போர்டில் உண்மையிலேயே தவறு இருந்தது. தாடை கவ்வும் இடத்தில் சால்டர் மாஸ்க்கை எடுக்கச் சொல்லவில்லை. பச்சைப் பெயின்டின் மேல் உலோகம் உட்கார்ந்தால் கிரவுண்டு எப்படிச் சேரும்? போர்டு செய்பவர்கள் வழக்கம்போல் விளிம்பிலிருந்து செம்பைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டிருந்தார்கள். ட்ரேஸில் போகும் சிக்னலுக்கு இணையாக கிரவுண்டில் திரும்பி வரும் கரன்ட், கனெக்டரின் உடம்புக்குத் தாவ வேண்டிய இடம் அந்த விளிம்புதான். அங்கே செம்பு இல்லையென்றால் அது சுற்றி வரும். சுற்றி வந்தால் இண்டக்டன்ஸ், அதாவது வேகமாக மாறும் சிக்னலுக்குத் தடை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு இடைவெளிகூட உயர் அலைவரிசையில் பெரிய பள்ளம். என் தவறு எனக்குத் தெரிந்ததால், அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாவது போர்டு செய்தேன். மாஸ்க்கை எடுத்தேன், செம்பை விளிம்பு வரை கொண்டுவரச் சொல்லித் தனியாகக் குறிப்பு எழுதினேன், வி-கட் (பள்ளம் கீறி உடைப்பது) வேண்டாம், ரவுட்டர் வைத்து வெட்டுங்கள் என்றேன், விளிம்பை ஒட்டி வரிசையாக வியா (அடுக்குகளை இணைக்கும் முலாம் பூசிய துளை) வைத்தேன், மேற்பூச்சு ஈநிக் (நிக்கலின் மேல் மெல்லிய தங்கம்). வந்தது. கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. ஆனால் இறுக்கும்போதெல்லாம் கோடு மாறும் வியாதி போகவில்லை. மறுபடி எழுதினேன். ‘ட்ரேஸ் அகலத்தையும் போர்டு தடிமனையும் சரிபாருங்கள்’ என்று பதில். மூன்றாவது போர்டு.

கவனித்தீர்களா? அவர் பக்கம் ஒரு வரி பதில். என் பக்கம் ஒரு போர்டு, இரண்டு வாரம். திருப்பி அனுப்ப முப்பது நாள் கெடு என்று போட்டிருந்தது. மூன்றாவது போர்டு என் கைக்கு வந்தபோது அந்தக் கெடு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சால்டர் செய்யும் கனெக்டர் சரியில்லையென்றால் அதைக் காட்டிவிடலாம். அழுத்தி மாட்டும் கனெக்டரில் பழியை எப்போதும் வாங்குபவரின் போர்டு மேல் போட்டுவிடலாம், பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். இந்த வசதி விற்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது போர்டோடு, 26.5 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் வி.என்.ஏ. (சிக்னல் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) வைத்திருக்கும் நண்பரிடம் போனேன். அவர் போர்டைப் பார்க்கவே இல்லை. கனெக்டரைக் கையில் எடுத்து, திருகு மறையிருக்கும் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது 2.92-ன்னு யாரு சொன்னது?”

“போட்டிருந்தாங்க.”

“அப்போ நடுவுல ஏன் வெள்ளையா இருக்கு?”

நடுக் கம்பியைச் சுற்றி வெள்ளை வளையம். டெஃப்லான். நான் எத்தனையோ முறை பார்த்த வளையம்தான், எஸ்எம்ஏவில் பார்த்துப் பழகியதால் உறைக்கவே இல்லை. 2.92 என்ற பெயரே வெளிக் குழாயின் உள்விட்டம். நடுக் கம்பி 1.27 மிமீ. இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்று. 60-ஐ, 2.92-ஐ 1.27-ஆல் வகுத்ததன் இயல் மடக்கையால் பெருக்கிப் பாருங்கள், 50 ஓம் வரும். அதே நடுக் கம்பியைச் சுற்றி டெஃப்லான் நிரப்பினால் 50 ஓமுக்குக் குழாய் 4.1 மிமீ அளவுக்குப் பெரிதாக வேண்டும், அதுதான் எஸ்எம்ஏ. அந்த அளவுக் குழாயில் 25 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வரும்போதே அலை வேறு வடிவத்திலும் ஓடத் தொடங்கிவிடும், அதற்கு மேல் கனெக்டரை நம்ப முடியாது. ஆகவே வெள்ளை வளையத்தோடு 40 கிகாஹெர்ட்ஸ் என்பது மோசமான தயாரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத விஷயம். அது நடக்கவே நடக்காது. காலிப்பர் வைத்தோம்: 4.1. உடம்பின் ஓரத்தில் அரத்தை லேசாகத் தேய்த்தோம்: பித்தளை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பி அதற்குரிய 0.9 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்ச் வைத்து இத்தனை நாள் இறுக்கியிருக்கிறேன். பித்தளை எஸ்எம்ஏவுக்கு 0.56 தான்.

எஸ்எம்ஏவாகவாவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. நண்பர் தன்னிடமிருந்த அசல் கனெக்டரை என் போர்டில் கவ்வி, இறுக்கி, கழற்றி, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார். ட்ரேஸின் தங்கத்தில் ஊசி பதிந்த இடம் அரிசி முனை மாதிரி ஒரு சின்னத் தழும்பு, சரியாக நடுவில். பிறகு என்னுடையதை ஒவ்வொன்றாக. முதலாவது, தழும்பு ட்ரேஸின் ஓரத்தில். இரண்டாவது, பரவாயில்லை. மூன்றாவது, லேசான கீறல். நான்காவது கவ்விய இடத்தில் தங்கம் புத்தம் புதிதாக மின்னியது. ஊசி ட்ரேஸைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக் கம்பியிலும் மறு முனையை ட்ரேஸிலும் வைத்தேன், சத்தமில்லை. மேல் தாடையை விரலால் அழுத்தினேன், கூவியது. கோடு ஏன் நெளிந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெறும் மல்டிமீட்டர் முதல் நாளே சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை.

அதே மூன்றாவது போர்டு, அதே நாள், அசல் கனெக்டர்: 20 கிகாஹெர்ட்ஸ் வரை 15 டெசிபெல்லைவிட மோசமாகவில்லை. ஐந்து முறை கழற்றி மாட்டினோம். ஐந்து கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன.

உண்மையான நஷ்டம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. என்னுடைய நல்ல டெஸ்ட் கேபிளை அந்த அசல் கனெக்டரில் மாட்டினால் அளவு சரியாக வரவில்லை. போலியில் இரண்டு கனெக்டர்களின் நடுக் கம்பி, நிற்க வேண்டிய மட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது கேபிளின் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. நான்கு கனெக்டரும் போனால் போகட்டும் என்று விடலாம். அந்தக் கேபிள் போனதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தெரியாத சரக்கை மாட்டும் முன் கேபிளின் முனையில் ஒரு தியாக அடாப்டரைப் போட்டிருக்க வேண்டும். போனால் அது போயிருக்கும்.

எல்லாப் படங்களோடும் விற்பவருக்கு எழுதினேன். தழும்பு இல்லாத படம், காலிப்பர் படம், பித்தளை படம். வெள்ளை வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘கெடு முடிந்துவிட்டது, அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி தருகிறோம்’ என்றார்கள். தளத்தில் புகார் கொடுத்தேன். அவர்களும் கெடுவைத்தான் காட்டினார்கள்.

இனி இந்த மாதிரி எதையாவது வாங்கினால் பொட்டலம் பிரிக்கும் அன்றே முகத்தைப் பார்ப்பேன், மல்டிமீட்டர் வைப்பேன், ஒரு வெற்று ட்ரேஸில் ஐந்து முறை கழற்றி மாட்டி அளப்பேன். கோடுகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புவேன். நிலையான தவறு போர்டில் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறும் தவறு பெரும்பாலும் தொடர்பில்தான் இருக்கும். வாங்கும் முன்பே இன்னொன்றும் கேட்பேன்: இந்தக் கனெக்டருக்கு எந்தப் போர்டில், எந்த ட்ரேஸ் அகலத்தில் அளந்தீர்கள், அந்தப் போர்டின் வரைபடம் உண்டா? ஒழுங்காகத் தயாரிப்பவர்களிடம் நம் போர்டின் அடுக்கமைப்பைச் சொன்னால் விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களே வரைந்து தருவார்கள். எனக்கு விற்றவரிடம் இருந்தது அந்த ஒரு கிராஃப் மட்டும்தான். அது எந்தப் போர்டு என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நான்கில் உருப்படியாக இருந்த அந்த இரண்டாவது கனெக்டரை எடுத்து, தாடைகளைக் கழற்றி வீசிவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா போர்டு ஒன்றில் வைத்து சால்டர் செய்துவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது.