ஜெர்மன் பயணக் கேள்விகள்: மனப்பாடமா, அமைப்பா?

ஜெர்மனியில் ரயில் ஏறி இறங்கும் அளவுக்கு மொழி போதும் என்பவர்களுக்கு இரண்டு வழி. முழு வாக்கியங்களை உருப்போடலாம். அல்லது கேள்விச் சொற்களைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை நாமே கட்டலாம்.

உருப்போட்டால் பலன் உடனே. 'வோ இஸ்ட் டேர் பான்ஹோஃப்?' என்று ரயில் நிலையத்துக்கு வழி கேட்க இலக்கணமே வேண்டாம். பட்டியலில் இல்லாததைக் கேட்க வேண்டி வந்தால்தான் வாயடைத்துப் போகும்.

அமைப்பு வழி கொஞ்சம் மெதுவானது. வோ, வான், வோஹின், வீ லாங்கே: எங்கே, எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம். கேள்விச் சொல் முதலில், வினை அடுத்து. 'வான் ஃபேர்ட் டேர் ட்சூக் நாஹ் கோல்ன்?' (கோல்ன் நகருக்கு ரயில் எப்போது கிளம்பும்?) என்பதில் கோல்னை எடுத்துவிட்டு பெர்லினைப் போட்டால் புதுக் கேள்வி தயார். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு வினையே முன்னால் வரும். வண்டி மாற வேண்டுமா? 'முஸ் இஷ் உம்ஷ்டைகன்?' வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நம் நாக்கு முதலில் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

ஒரு வாரச் சுற்றுலாவுக்கு மனப்பாடமே போதும். படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு வழியிலும் பதில்தான் சிக்கல். மணி சொல்லும்போது 'ஹால்ப் ட்ரை' ('அரை மூன்று') என்றால் மூன்றரை அல்ல, இரண்டரை. 21ஐ 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். பிளாட்ஃபார்ம் எண்ணை 12 என்று கேட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.